பாத்துட்டு சொல்றேன்

அந்த அக்காவிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. "இரு, பாத்துட்டு சொல்றேன்" என்று வாசலுக்கு வந்து, அண்ணாந்து நாலு பக்கமும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். மழை வருமா என்று கேட்டால் சரி. தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் இதே கதைதான் என்று எங்கள் தெருவில் கேலி செய்வார்கள்.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். தினமும் போன் செய்வான். "பையன் நல்லா இருக்கானாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேசுனான். பாத்து ஆறு மாசம் ஆவுது. எப்பிடிக் கீறான்னு எனுக்கு எப்பிடித் தெரியும்?"

சிரிப்பு இல்லாமல் சொன்னது. பார்க்காததைச் சொல்லக்கூடாது என்பது அதற்கு நேர்மை மாதிரிகூட இல்லை, வேறு மாதிரி செய்யத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் மணலூர்பேட்டைப் பக்கத்துப் பெண். பி.ஏ. வரலாறு. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குக் கல்யாணமாகி வந்தேன். ஐந்து ஏக்கர், ஒரு கிணறு, மக்காச்சோளம், ஓரமாகக் கொஞ்சம் மரவள்ளி. வீட்டுக்காரர் நல்ல மனுஷர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் என்னை ஒரு கேள்வி கேட்டதும் கிடையாது. எதை விதைப்பது, எப்போது அறுப்பது, கன்றை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா, எல்லாவற்றையும் அவரே முடிவு செய்துவிட்டு எனக்குத் தகவல் சொல்வார்.

அந்த மனுஷர் காலையில் பல் விளக்கிக்கொண்டே வாசலைத் தாண்டி, நாலு வீடு தள்ளி ஏரிக்கரை ஆரம்பிக்கிற இடத்துக்குப் போவார். அங்கேதான் அக்காவின் ஓட்டு வீடு. வேலியோரம் நின்றுகொண்டு, "இன்னாக்கா, இன்னிக்கி மருந்து அடிக்கலாமா?" என்பார். "இரு தம்பி, பாத்துட்டு சொல்றேன்." அவர் காத்திருப்பார். எனக்காக ஒரு நிமிஷம் நிற்காத கால், அங்கே வாயில் நுரையோடு அசையாமல் நிற்கும். சமையல்கட்டு ஜன்னலில் இருந்து எனக்கு எல்லாம் தெரியும்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தது. புருஷன் செத்து, ஒரு சென்ட் நிலம் இல்லாமல், எங்கள் காட்டிலேயே களை வெட்டவும் கதிர் ஒடிக்கவும் வருகிற மனுஷி. நான் பொறாமைப்பட்டது அந்த மாதிரி இல்லை. அக்காவைக் கேட்கிறாரே, என்னைக் கேட்கவில்லையே என்றுதான். அது அந்த மாதிரிப் பொறாமையைவிடக் கம்மி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அக்காவுக்குப் பறவைகளின் பெயர் பாதி தெரியாது. 'வால ஆட்றது', 'மூக்கால மண்ணு நோண்டறது', 'சாயங்காலம் சண்ட போட்றது' என்று அதுவே பெயர் வைத்திருந்தது. புரட்டாசியில் வாலாட்டிக் குருவி முதல் நாள் ஏரிக்கரையில் இறங்கியதும், உறவுக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கியது மாதிரி "வந்துட்டுது, வந்துட்டுது" என்று தெருவுக்கே சொல்லும். எதையும் விரல் நீட்டிக் காட்டாது. விரல் நீட்டினால் பறந்துவிடுமாம். தாடையை லேசாகத் தூக்கிக் காட்டும். நாம்தான் அந்தத் தாடை போன திசையில் தேடிக்கொள்ள வேண்டும்.

மழைக்கு அதன் பெரிய அடையாளம் மலைதான். எங்கள் ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. சில நாள் அழுக்குத் துணி காயப் போட்ட மாதிரி மங்கலாகத் தூரத்தில் கிடக்கும். சில நாள் காலையில் பார்த்தால் மரம் மரமாக எண்ணிவிடலாம் போல முன்னால் வந்து நிற்கும். "மல கிட்ட வந்துட்டுது" என்று அக்கா சொன்னால் அன்றைக்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சில சமயம் தப்பும். தப்பினால் மறுநாள், "தப்பாப் பாத்துட்டேன் தம்பி" என்று அதே குரலில் சொல்லும். சமாதானம் சொல்லாது. அதனாலேயே ஆட்களுக்கு நம்பிக்கை ஜாஸ்தியானது.

ஒரு கோடை உழவின்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். டிராக்டர் வந்து பாதிக் காடு உழுதாகிவிட்டது. அக்கா நடுக்காட்டில் போய் நின்றுகொண்டது. ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றுகிறது. காலடியில், வெறும் மண்ணில், கூழாங்கல் மாதிரி நாலு முட்டை. வீட்டுக்காரர் போய்ப் பார்த்தார். டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிராக்டர் ஒரு கட்டில் அளவு இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது.

கொல்லையில் கனகாம்பரம் வைக்க அதைவிடச் சின்ன இடம் கேட்டபோது, மாடு கட்ட இடம் வேண்டாமா என்றவர் அவர். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு போடாமலே குழம்பு வைத்தேன். அவர் கவனிக்கவில்லை. குஞ்சு பொரித்ததா என்று மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. போனில் வானிலை பார்க்கிற ஆப் போட்டுக்கொண்டேன். அவர் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்பே, "மூணு மணிக்கு மழைன்னு போட்டிருக்கு" என்பேன். "ம்" என்றுவிட்டு வேலியோரம் போய்விடுவார். சரி, குருவியையே பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் விடியும்போது ஏரிக்கரைக்குப் போனேன். அரை மணி நேரம் நின்றும் காக்காவைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. பின்னால் அக்கா வந்து நின்றது. ஒரு கருவேல மரத்தைப் பார்த்துத் தாடையைத் தூக்கியது.

"தெரியுதா தங்கச்சி?"

"ஆமாக்கா, பாத்துட்டேன்."

"இன்னா கலரு?"

"பச்சை."

அக்கா என் முகத்தைப் பார்த்தது. "அது பறந்து போய் நேரமாவுதே" என்றது. குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னது. குத்திக் காட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அந்த வருஷம் கிணற்றுத் தண்ணீரில் போட்ட சோளம் புரட்டாசியில் வீட்டுக்கு வந்தது. மெஷினில் அடித்து மணியாக்கி மூட்டை கட்டியாகிவிட்டது. இரண்டு நாள் களத்தில் கொட்டி நல்ல வெயிலில் காய்ந்தால் லாரியில் ஏற்றிவிடலாம். அவர் வியாபாரியைப் பார்க்கக் காலையிலேயே சின்னசேலம் போய்விட்டார். வானம் கழுவி வைத்த மாதிரி நீலமாக இருந்தது. நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வேகமாக வந்தது.

"தம்பி இல்லியா?"

"சின்னசேலம் போயிக்கீறாரு."

"இன்னிக்கி மூட்டையப் பிரிக்க வேணாம்னு சொல்லு தங்கச்சி. மல ரொம்பக் கிட்ட வந்துட்டுது. ஏரிக்குப் போன கொக்கு பூரா மரத்துக்குத் திரும்பிடுச்சு. எனுக்கு என்னமோ சரியாப் படல."

"சரிக்கா, சொல்றேன்."

அக்கா மரவள்ளிக் காட்டுக்குக் களை வெட்டப் போய்விட்டது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கால் மணி நேரத்தில் அவரே போன் செய்தார். வெயில் எப்படி இருக்கிறது, களம் காலியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர் எடுத்ததும் கேட்டது, "அக்கா எதனா சொல்லிச்சா?"

நான் ஒரு மூச்சு விட்டேன். "ஒண்ணும் சொல்லல. போன்ல நாள் பூரா வெயில்னுதான் போட்டுக்கினு இருக்கு."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம். பிறகு அவர் சொன்னார்: "சரி. அப்ப நீ சொல்றாப்லயே செய்வோம். ஆளுங்கள வெச்சிப் பிரிச்சிடு."

நீ சொல்றாப்லயே. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களத்துக்குப் போனேன். ஆட்களை அதட்டினேன். மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி, காலால் உழுது உழுது பரப்பினோம். பொன் மாதிரி மின்னியது சோளம். நாங்கள் பிரிப்பதைப் பார்த்து இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் கொண்டுவந்து கொட்டினார்கள். "அக்கா சரின்னிச்சா?" என்று அதில் ஒருத்தி கேட்டாள். "போன்லயே இருக்குது" என்றேன்.

மதியம் இரண்டரை மணிக்குக் காற்று நின்றது. இலை அசையவில்லை. பிறகு மேற்கில் இருந்து புழுதி ஒரு சுவர் மாதிரி வந்தது. அதற்குப் பின்னால் மழை. தார்ப்பாய் ஒன்றை இழுப்பதற்குள் இன்னொன்று பறந்தது. குவிக்கலாம் என்று கூட்டினால் தண்ணீரோடு சேர்ந்து சோளமும் ஓடியது. மரவள்ளிக் காட்டில் இருந்து அக்கா ஓடி வருவதைப் பார்த்தேன். "யாரு பிரிக்கச் சொன்னது? யாரு பிரிக்கச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே வந்தது. பறந்த தார்ப்பாயின் முனையை எட்டிப் பிடித்தது. காலுக்கடியில் ஈரச் சோளம் உருண்டது. வலது கையை ஊன்றி விழுந்தது. அந்தக் கை மடங்கிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அவர் வண்டியில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. களத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"ஏக்கா, ஊருக்கே சொல்றியே, எனுக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அக்கா இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தது. "காலையில வூட்டுக்கு வந்தேன் தம்பி. நீ இல்ல."

மீதியை எதிர்பார்த்து அவர் நின்றார். நானும் நின்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அக்கா வீட்டுக்கு வந்தது உண்மை. அவர் இல்லாததும் உண்மை. நான் அவரிடம் சொன்னேனா இல்லையா என்பதை அக்கா பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லாது. அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியதா, அல்லது என் முகத்தைப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டு, என்னை விட்டுவிட்டதா? எனக்குத் தெரியாது. "வந்தவ சொல்லாமப் போயிட்டாளே" என்று களத்தில் ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, "நாலு பேரு நல்லா இருந்தா சிலபேருக்குப் பொறுக்காது" என்றாள். அது என்னைப் பற்றிய பேச்சு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாலு வீட்டுச் சோளமும் முளைவிட்டுப் பூஞ்சை பிடித்துப் புளித்த நாற்றம் அடித்தது. வியாபாரி வந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். கோழித் தீவனத்துக்குக்கூட வேண்டாம் என்றான்.

அதற்கப்புறம் அக்காவிடம் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, "இன்னா போட்டிருக்கு?" என்பார். நான் இத்தனை வருஷம் எதற்கு ஏங்கினேனோ அது வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி வரும்போது போனைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அக்காவுக்கு மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிடும். கண் மட்டும் வெளியே இருக்கும். என்னைப் பற்றி நினைக்கிறதா, கோபமா, வருத்தமா என்று நான் அதன் முகத்தையே பார்ப்பேன். அது வானத்தைப் பார்க்கும். ஒரு நாள் ஜன்னலில் இருந்து பார்க்கிறேன், கட்டுப் போட்ட கையோடு வேலியோரம் தனியாக நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டே மாட்டுத் தொட்டிக்குள் விழுந்துவிட்டனவாம். கேட்க வருகிறவர்கள் யாரும் இல்லாமல் போனதை அது கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எதைப் பறித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேனோ, அது அக்காவுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. ஆள் கேட்டாலும் பார்க்கும், கேட்காவிட்டாலும் பார்க்கும். என் வீட்டுக்காரர் வந்து நின்றதும் ஒன்றுதான், ஒரு கொக்கு வந்து நின்றதும் ஒன்றுதான். குற்ற உணர்ச்சி குறைய வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் இன்னும் ஜாஸ்தியானது. இப்படி ஒரு மனுஷி இருக்க முடியுமா என்று கோபமாக வந்தது.

கை சரியாகக் கூடவில்லை. களைக்கொட்டைப் பிடித்துக் களை வெட்ட முடியாமல் போனது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்தில், மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்து, ஒரு பையோடு அக்கா பஸ் ஏறிப் போய்விட்டது. வழியனுப்ப யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். போன பங்குனியில் ஒரு நாள், அவரிடம் அம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். கீழே வெயில் கொளுத்தியது. பாதி மலை ஏறியதும் மேகம் ஜன்னலுக்குள் வந்தது. இறங்கும்போது தூறல். விடுதியைக் கண்டுபிடிப்பதற்குள் மறுபடி வெயில்.

அக்கா என்னைப் பார்த்ததும் எப்படி வந்தாய், ஏன் வந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. "வா வா, நல்ல நேரத்துல வந்த" என்று இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, ரோட்டோரத்து ஒரு பெரிய மரத்துக்கு எதிரே கொண்டுபோய் உட்கார வைத்தது. தாடையைத் தூக்கியது. மரத்தில் உயரத்தில் ஒரு பொந்து. அதில் விரல் அகலத்துக்கு ஒரு கீறல் மட்டும் தெரிந்தது.

"பொட்ட உள்ள கீது. மண்ண வெச்சி வாசல அடச்சிக்கினு உள்ளயே குந்திக்கீது. ஆம்பளதான் பழம் கொண்டாந்து ஊட்டும். இவ்ளோ பெரிய கோண மூக்கு."

இருவாச்சி வகை என்று பிற்பாடு போனில் தேடித் தெரிந்துகொண்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேகம் வந்து மரத்தை மூடும். கையைத் தூக்கினால் ஈரம் ஒட்டும். பிறகு விலகும். நான் மரத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் எலும்பு ஒரு பக்கமாகத் துருத்தியிருந்தது.

"அக்கா, அன்னிக்கி நீ சொன்னத நான் அவருகிட்ட சொல்லல. வேணும்னுதான் சொல்லல."

"ம்."

"நீ ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிட்டேன்."

"ம்."

"உன் மேல பொறாமக்கா எனுக்கு."

அக்கா உதட்டில் விரல் வைத்தது. "மெதுவா பேசு. வர்ற நேரம்."

நாலு மணி பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. அதை விட்டால் எனக்கு அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது. எழுந்து ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா மரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்று ராத்திரி அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைத் தட்டிலேயே கழுவினார். "அந்தக் கை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் டீக்கடையில் அந்த மூன்று வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டார். தெருவில் என்னோடு பேசுவது நின்றது. அவரும் பேசவில்லை. காலையில் கட்டிலில் உட்கார்ந்தால் கேள்வி வரவில்லை.

பத்து நாள் கழித்து அக்காவின் மகனிடம் நம்பர் வாங்கி, அவர் வாசலில் நின்று போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்திருந்தார். நான் கேட்க வேண்டும் என்றா, அவருக்குப் போனைக் காதில் வைத்துப் பேசத் துணிச்சல் இல்லையா, தெரியவில்லை.

"அக்கா, நாந்தான். அன்னிக்கி களத்துல உன்னத் தப்பாப் பேசிட்டேன்."

"யாரு, தம்பியா? அங்க மழ உண்டா?"

"இல்லக்கா. வருமா?"

"இங்கதான் மேகம் எறங்குது. அங்க எப்பிடின்னு நான் பாக்கலியே." பிறகு, "தங்கச்சி கீதா? குடு" என்றது.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினார். இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன். அந்த மலையில் சொல்லாமல் விட்டதெல்லாம் இப்போது வரப்போகிறது. வரட்டும் என்று நின்றேன்.

"தங்கச்சி, நீ பஸ்ஸு ஏறுன இல்ல, அடுத்த நிமிசம் வந்துட்டுது. வாயில மூணு பழம். ஒண்ணொண்ணா அந்தக் கீறல்ல ஊட்டிச்சு. உன்னக் கத்திக் கத்திக் கூப்புட்டேன். பஸ்ஸு சத்தத்துல உனுக்குக் கேக்கல." குரலில் நிஜமான மனத்தாங்கல் இருந்தது. அக்காவிடம் அதை நான் கேட்டதே இல்லை. "அவ்ளோ நேரம் குந்திக்கினு இருந்துட்டு, கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதா?"

"பொறுத்திருக்கலாம்க்கா" என்றேன்.

என்மேல் அக்கா சொன்ன குறை இத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான். போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அந்த மூன்று பழத்தையும் பார்த்த கண்மேல் எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.